ஒரே பெயர், ஒரே இன்ஷியல்: பதிவுகளில் நம் ஆளையும் நம் ஊரையும் பிரித்தெடுப்பது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எந்த ஊரின் வாக்காளர் பட்டியலை எடுத்தாலும் முருகன், மாது, முனியப்பன், சின்னசாமி எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வருவார்கள். பல பேருக்கு இன்ஷியலும் ஒன்றாகவே இருக்கும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். புதூர் எத்தனை, கொத்தூர் எத்தனை, யாரோ ஒரு பெரியவர் பெயரில் இருக்கும் கொட்டாய்கள் (சிறு குடியிருப்புகள்) எத்தனை என்று எண்ணி முடியாது.

பட்டா மாறுதல், வாரிசு சான்று, பாகப்பிரிவினை என்று தாத்தாவின் பெயரைத் தேடி இறங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். என் தாத்தா நிலத்துக்காக இதை நான் செய்து முடிக்க இரண்டு வருடம் ஆனது. அதன்பிறகு பங்காளிகள், பக்கத்து ஊர்க்காரர்கள் என்று நிறையப் பேரோடு உட்கார்ந்து செய்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது ஒரே காரணத்தால்: எடுத்த எடுப்பில் பெயரைத் தேடுகிறார்கள். பெயரைக் கடைசியில்தான் தேட வேண்டும். முதலில் ஊர், பிறகு உறவு, பிறகு புல எண் (நிலத்தின் சர்வே எண்), அதற்கப்புறம்தான் பெயர். கீழே இருப்பதும் அதே வரிசைதான். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் திரும்பி வந்து அதையே செய்ய வேண்டியிருக்கும்.

1. தொடங்கும் முன் கையில் என்னென்ன வேண்டும்

வீட்டுப் பீரோவில், பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கும் காகிதம் எல்லாவற்றையும் முதலில் ஒரே இடத்தில் கொட்டுங்கள். கிரயப் பத்திரம், பாகப் பத்திரம், பழைய பட்டா பாஸ் புத்தகம், நில வரி கட்டிய ரசீது, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிய காகிதம், ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், இறப்புச் சான்று. எது தேவை, எது தேவையில்லை என்று இப்போதே பிரிக்க வேண்டாம். நான் ஒருமுறை பழைய வரி ரசீது ஒரு கட்டை "இது எதற்கு" என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். கடைசியில் பட்டா எண் அதில்தான் இருந்தது.

இதோடு இன்னும் மூன்று பொருள்களைத் தேடி எடுங்கள், இவற்றை யாரும் நினைப்பதில்லை: மொய் நோட்டு, குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகைகள். முதல் இரண்டு நோட்டும் ஏன் என்பதை நான்காவது படியில் சொல்கிறேன்.

புதிதாக ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போனில் குறித்து வைப்பவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகத்தில் நின்றுகொண்டு போனைத் தடவித் தேடும்போது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடிவதில்லை.

2. முதலில் ஊரை உறுதி செய்யுங்கள்

நாம் வாயால் சொல்லும் ஊர் வேறு, பதிவில் இருக்கும் ஊர் வேறு. நாம் சொல்வது குக்கிராமம்: கொட்டாய், புதூர், காலனி, மேடு. பதிவு நடப்பது வருவாய் கிராமத்தின் பெயரில். ஒரு வருவாய் கிராமத்துக்குள் பல கொட்டாய்கள் இருக்கும். ஊராட்சியின் பெயர் மூன்றாவதாக வேறொன்றாக இருக்கலாம். அதனால் "எங்கள் ஊர்ப் பெயர் கணினியில் இல்லவே இல்லை" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அவர் கொட்டாயின் பெயரைத் தேடியிருப்பார்.

கண்டுபிடிக்க எளிய வழி வரி ரசீதோ பழைய பட்டாவோதான். அதில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாக எழுதியிருக்கும். அந்தக் கிராமத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்தில் கிராம எண் இருந்தால் அதையும் சேர்த்து. பெயர் இரண்டு ஊருக்கு ஒன்றாக இருந்தாலும் ஒரு வட்டத்துக்குள் கிராம எண் மாறும்.

அடுத்தது மாவட்டமும் வட்டமும். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9. அதனால் போச்சம்பள்ளி பக்கத்து நிலம் ஒன்றுக்கு மூன்று பத்திரம் இருந்தால், ஒன்றில் சேலம் ஜில்லா, ஒன்றில் தருமபுரி மாவட்டம், ஒன்றில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று இருக்கலாம். மூன்றும் ஒரே நிலம்தான். புதிதாக வருபவர்கள் இதை மூன்று வேறு ஊர் என்று நினைத்துப் பழைய பத்திரத்தை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். வட்டமும் மாறியிருக்கிறது: பாப்பிரெட்டிப்பட்டி முன்பு அரூரில் இருந்தது, நல்லம்பள்ளி தருமபுரியில், காரிமங்கலம் பாலக்கோட்டில், சூளகிரி ஓசூரில், அஞ்செட்டி தேன்கனிக்கோட்டையில். பத்திரத்தின் ஆண்டைப் பார்த்து, அந்த ஆண்டில் எந்த மாவட்டம், எந்த வட்டம் என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

எழுத்து வேறுபாடு இன்னொரு தலைவலி. இங்கே ஊர்ப் பெயரின் முடிவு அள்ளி, ஹள்ளி, பள்ளி என்று மூன்று விதமாக வரும். மாரண்டஅள்ளி என்றும் மாரண்டஹள்ளி என்றும் எழுதுகிறார்கள், தருமபுரியே தர்மபுரி ஆகிறது. கணினியில் தேடும்போது ஒன்று கிடைக்கவில்லை என்றால் அடுத்ததைப் போடுங்கள். ஆனால் மனுவில் எழுதும்போது வருவாய்ப் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், உங்களுக்குச் சரி என்று படுவதை எழுதாதீர்கள்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு இது: பர்கூர் என்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் உண்டு, ஈரோடு மாவட்டத்து மலையிலும் உண்டு. தளி ஓசூர்ப் பக்கம் ஒன்று, உடுமலைப் பக்கம் ஒன்று. கடத்தூர் தருமபுரியில் ஒன்று, கோபி பக்கம் ஒன்று. பாகலூர் ஓசூருக்குப் பக்கத்திலும் இருக்கிறது, பெங்களூரு விமான நிலையத்தின் பக்கமும் இருக்கிறது. நம் தொப்பூரும் மதுரைத் தோப்பூரும் ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்றாகிவிடும். தர்மபுரி என்று தேடினால் தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் இருக்கும் கோயில் ஊரும் வரும். அதனால் ஊரின் பெயரைத் தனியாக எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஊர், வட்டம், மாவட்டம், பின்கோடு நான்கும் சேர்ந்ததுதான் ஒரு ஊர். பின்கோடு மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே முதல் மூன்று எண் மாறுகிறது: காரிமங்கலம் 635111, பாலக்கோடு 636808.

3. இன்ஷியலை விரித்து எழுதுங்கள்

ஊர் முடிந்ததும் ஆளுக்கு வருகிறோம், ஆனால் இன்னும் பதிவைத் திறக்கவில்லை. முதலில் அந்த ஒற்றை எழுத்து எதைக் குறிக்கிறது என்று தெரிய வேண்டும்.

தமிழ் பேசும் வீட்டில் இன்ஷியல் பெரும்பாலும் அப்பா பெயர். ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனஹள்ளி பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்களில் அது வீட்டுப் பெயராக இருக்கலாம், அப்படியானால் தலைமுறை தலைமுறையாக அதே எழுத்துதான். கன்னடம் பேசும் குடும்பங்களில் முதல் எழுத்து ஊராகவும் அடுத்த எழுத்து அப்பாவாகவும் இருப்பதுண்டு. மூன்றையும் குழப்பினால் அண்ணன் தம்பியை அப்பா மகன் ஆக்கிவிடுவீர்கள். அதனால் வீட்டில் மூத்தவரைக் கேட்டு, ஒவ்வொருவரின் இன்ஷியலையும் முழுப் பெயராக விரித்து எழுதுங்கள்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருக்கும் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். மாதன் மகன் சின்னசாமி, அவர் மகன் மாதன், அவர் மகன் சின்னசாமி என்று வைத்துக்கொள்வோம். 1950-இல் இருந்த மா. சின்னசாமியும் 2005-இல் இருந்த மா. சின்னசாமியும் பெயரில், இன்ஷியலில், ஊரில் எல்லாம் ஒன்று. ஆனால் ஒருவர் இன்னொருவருக்குத் தாத்தா. பத்திரத்தின் ஆண்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்தால் பேரன் பிறப்பதற்கு முன்பே நிலம் வாங்கியதாக ஆகிவிடும். இப்படித் தயாரான வாரிசுப் பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன், பின்னால் திருத்துவது பெரிய வேலை.

பட்டங்களை நம்பாதீர்கள். கவுண்டர் என்பது இந்தப் பக்கம் ஒரே சமூகத்தின் பட்டம் இல்லை. வன்னியர்களும் வைத்திருக்கிறார்கள், கொங்கு வேளாளர்களும் வைத்திருக்கிறார்கள், இன்னும் சிலரும் வைத்திருக்கிறார்கள். ரெட்டி, செட்டி, நாயுடு போன்றவையும் உறவைக் காட்டாது. பழைய பத்திரத்தில் பட்டத்தோடு இருக்கும் ஆள், யு.டி.ஆரில் (அரசு நிலப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) பட்டம் இல்லாமல் வெறும் பெயராக இருப்பார். பட்டம் இருப்பதாலோ இல்லாததாலோ வேறு ஆள் என்று முடிவு கட்ட வேண்டாம். பட்டம் ஊர்ப் பெயரிலும் ஒட்டியிருக்கும், பாப்பிரெட்டிப்பட்டி மாதிரி. அந்த ஊர்க்காரர் என்று யாராவது எழுதியிருந்தால் அது அவருடைய சாதியோ குடும்பமோ ஆகிவிடாது.

கூப்பிடும் பெயரையும் எழுதுங்கள். மாதேஸ்வரனும் மாதையனும் மாதப்பனும் வீட்டில் மாதுதான். பத்திரத்தில் மாதையன், ரேஷன் கார்டில் மாது, ஆங்கிலத்தில் எழுதும்போது அது மது என்றும் படிக்கப்படும், அதை மறுபடி யாரோ தமிழில் தட்டும்போது உண்மையிலேயே மது ஆகிவிடும். சென்றாயன் என்ற பெயர் ஆங்கிலத்துக்குப் போய் வரும்போது செந்திராயன், சென்ராயன் என்று என்னென்னவோ ஆகிறது. ஒவ்வொரு ஆளுக்கும் இதுவரை கண்ணில்பட்ட எழுத்து வடிவம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். பின்னால் உறுதிமொழிப் பத்திரம் போடும்போது இந்தப் பக்கத்தைத்தான் வக்கீல் கேட்பார்.

4. வம்சாவளியைப் போடுங்கள், தொடங்க வேண்டியது அத்தைகளிடம்

வம்சாவளி என்றால் ஆண்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அது போதாது. மனைவி, மகள்கள், மகள்களைக் கட்டிக்கொடுத்த ஊர் எல்லாம் வேண்டும். இரண்டு காரணம். சட்டப்படி மகள்களுக்கும் பங்கு உண்டு, விட்டுவிட்டால் பின்னால் வழக்கு வரும். அதைவிட நம் வேலைக்கு முக்கியமானது இது: மாதையன் மகன் முருகன் என்று ஒரே கிராமத்தில் மூன்று பேர் இருக்கலாம், ஆனால் மாதையன் மகன் முருகன், மனைவி காவேரியம்மாள் என்று மூன்று பேர் இருப்பது அபூர்வம். பெண்ணின் பெயர்தான் ஆணை அடையாளம் காட்டும்.

யாரைக் கேட்பது? வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த அத்தைகளை முதலில் கேளுங்கள். ஊரிலேயே இருக்கும் பெரியப்பா, சித்தப்பாக்களுக்கு நிலத் தகராறின் நினைவு கலந்துவிடும். அத்தைகளுக்கு யார் யாருக்கு மகன், யார் எந்தப் பஞ்சத்தில் ஊரை விட்டுப் போனார் என்பது தெளிவாக இருக்கும். பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள், முதலில் பத்திரத்தை நீட்டாதீர்கள். காகிதத்தைப் பார்த்ததும் "எனக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கிவிடுவார்கள்.

இப்போது மொய் நோட்டு. எங்கள் வீட்டில் இருந்தது நீளவாக்கில் மடிக்கும் பழைய கணக்கு நோட்டு, மேல் அட்டையில் மஞ்சள் பூசி பிள்ளையார் சுழி போட்டது. உள்ளே ஊர் வாரியாக எழுதியிருந்தார்கள். ஒரு வரி இப்படி: "மேட்டுக்கொட்டாய் மாதையன் மகன் சின்னசாமி, 11." இரண்டு வரி தள்ளி: "ஏரிக்கரை சின்னசாமி, மாதன் மகன், 5." மொய் வாங்குபவருக்கு நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கவலை, அதனால் எந்தச் சின்னசாமி என்று தப்பாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் பல மாதம் தேடிய ஆளை அந்த ஒரு வரி பிரித்துக் கொடுத்தது. நோட்டின் தேதியும் கல்யாண வீட்டாரின் பெயரும் இருப்பதால் அந்த ஆண்டில் அந்த ஆள் உயிரோடு இருந்தார் என்பதும் தெரிந்துவிடுகிறது.

தலைக்கட்டு வரி நோட்டும் இதே மாதிரிதான். குலதெய்வத் திருவிழாவுக்கு ஒவ்வொரு குடும்பத் தலைவர் பெயரிலும் வரி எழுதியிருக்கும். ஒரு வருடத்து நோட்டில் அப்பா பெயரும் அடுத்த திருவிழா நோட்டில் மகன் பெயரும் வந்தால், இடையில் அப்பா இறந்திருக்கலாம் அல்லது மகன் தனிக்குடும்பம் போயிருக்கலாம். இரண்டில் எது என்று கேட்டு எழுதுங்கள். நோட்டு வைத்திருக்கும் பெரியவரிடம் மரியாதையாகக் கேட்டு, அங்கேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

இவை அலுவலகத்தில் ஆதாரமாகச் செல்லாது. ஆனால் எந்த ஆவணத்தைத் தேட வேண்டும் என்று இவைதான் காட்டும்.

5. ஆளுக்கு ஒரு பக்கம்

நோட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். மேலே எண் போடுங்கள். பெயர், எல்லா எழுத்து வடிவங்களும், அப்பா, அம்மா, மனைவி, கொட்டாய், வருவாய் கிராமம், தோராயமான பிறப்பு, இறப்பு ஆண்டு. கீழே பாதிப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள், புல எண் வரும்போது எழுத.

ஒரே பெயர்க்காரர்கள் எத்தனை பேர் தெரியவந்தாலும், நம் குடும்பமே இல்லை என்றாலும், அவர்களுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள். இதைச் செய்யச் சொன்னால் "அவர் எதற்கு நமக்கு" என்கிறார்கள். அவர் யார் என்று தெரிந்தால்தான் ஒரு ஆவணம் கையில் வரும்போது இது அவருடையது, நம்முடையது இல்லை என்று தள்ளி வைக்க முடியும். நான் பார்த்த பெரிய தவறுகள் எல்லாமே, நல்லதாக ஒரு ஆவணம் கிடைத்ததும் அதை நம் ஆள்மேல் ஏற்றிவிடும் ஆசையில் நடந்தவைதான்.

6. வாக்காளர் பட்டியல்

இப்போது பதிவைத் திறக்கலாம். முதலில் இது ஏன் என்றால், ஒரு வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வீட்டு எண்ணில் வரிசையாக வருவார்கள். அப்பா, அம்மா, மகன், மருமகள் என்று குடும்பமே ஒரே இடத்தில் கிடைக்கும். உங்கள் வம்சாவளியோடு ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட எளிய காகிதம் கிடையாது.

2025-இல் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தியபோது 2002, 2005 ஆண்டுப் பட்டியலில் பெயரைத் தேடச் சொன்னார்கள், அப்போது நம் பக்கம் நிறையப் பேர் கிடைக்கவில்லை என்று தவித்தார்கள். அதில் பலர் தவறான தொகுதியில் தேடிக்கொண்டிருந்தார்கள். 2008 மறுவரையறைக்கு முன்னால் பாப்பிரெட்டிப்பட்டி, வேப்பனஹள்ளி என்ற தொகுதிகள் கிடையாது. மொரப்பூர், காவேரிப்பட்டினம் என்ற தொகுதிகள் இருந்தன, அவை இப்போது இல்லை. பழைய பட்டியல் என்றால் பழைய தொகுதியின் பெயரில் தேடுங்கள். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ஊரின் 2002 பட்டியலில் தருமபுரி மாவட்டம் என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அப்போது அது தருமபுரிதான்.

கிடைத்ததும் பாகம் எண், வரிசை எண், வீட்டு எண், உறவினர் பெயர், வயது எல்லாவற்றையும் அந்த ஆளின் பக்கத்தில் எழுதுங்கள். கல்யாணமான பெண்களுக்கு உறவினர் இடத்தில் கணவர் பெயர் இருக்கும், கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர். ஒரே பெண் இரண்டு ஊர்ப் பட்டியலில் இரண்டு உறவினர் பெயரோடு இருந்தால் அது இரண்டு பெண் என்று நினைக்காதீர்கள்.

வயதை ரொம்ப நம்ப வேண்டாம். பழைய காலத்தில் ஆளைப் பார்த்து உத்தேசமாகப் போட்ட வயது அது. நான்கைந்து வருடம் முன்பின் இருந்தால் ஒதுக்காதீர்கள். பதினைந்து வருடம் வித்தியாசம் வந்தால் வேறு ஆள்.

7. நிலப் பதிவு: பெயரால் இல்லை, புல எண்ணால்

புல எண்ணைப் பிடித்துவிட்டால் பெயர்க் குழப்பத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும், ஏனென்றால் ஒரு வருவாய் கிராமத்துக்குள் ஒரு புல எண்ணும் உட்பிரிவும் சேர்ந்தால் அது ஒரே இடத்தைத்தான் குறிக்கும். ஆள் பெயர் எத்தனை பேருக்கும் இருக்கலாம்.

வரிசை இப்படி வையுங்கள். கையில் இருக்கும் பத்திரத்தில் பழைய புல எண்ணைப் பாருங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆருக்கு முந்தைய பத்திரம் என்றால் எண்ணோ உட்பிரிவோ மாறியிருக்கலாம். வி.ஏ.ஓ.விடமோ வட்ட அலுவலகத்திலோ பழைய எண்ணுக்கு ஈடான புதிய எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதன்பிறகு இணையத்தில் பட்டா, சிட்டா, அ பதிவேடு (புல எண் வாரியான கிராம நிலப் பதிவேடு), புலப்படம் நான்கையும் எடுங்கள். பட்டாவில் உரிமையாளர் பெயரோடு அப்பா அல்லது கணவர் பெயரும் இருக்கும், அதை உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள்.

பரப்பை ஒப்பிட மறக்காதீர்கள். பழைய பத்திரம் ஏக்கர், சென்ட்டில் பேசும், பட்டா ஹெக்டேர், ஏரில் பேசும். ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 40.5 ஏர், ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 2.47 ஏக்கர். தாத்தா வாங்கியது ஒன்றேகால் ஏக்கர் என்றால் பட்டாவில் 50 ஏருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 20 ஏர்தான் இருக்கிறது என்றால், ஒன்று பாகம் பிரிந்திருக்கிறது, அல்லது அது வேறொரு சின்னசாமியின் நிலம்.

அப்புறம் வில்லங்கச் சான்று, அதாவது அந்த நிலத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். அதையும் புல எண் கொடுத்தே போடுங்கள், உட்பிரிவோடு ஒருமுறை, உட்பிரிவு இல்லாமல் ஒருமுறை. உட்பிரிவு ஏற்படும் முன் நடந்த கிரயங்கள் உட்பிரிவு எண்ணில் வராமல் போகும். நான் முதல்முறை உட்பிரிவோடு மட்டும் போட்டு, பரிவர்த்தனையே இல்லை என்று வந்ததை நம்பி ஆறு மாதம் வேறு இடத்தில் தேடினேன்.

சான்றில் வரும் பத்திர எண், ஆண்டை வைத்து நகல் எடுங்கள், நகல் கையில் வந்ததும் பெயரைப் பார்க்கும் முன் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, படியுங்கள். என் தாத்தாவின் பத்திரத்தில் இப்படி இருந்தது: வடக்கே பெருமாள் மகன் மாதன் நிலம், கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே ஓடை, மேற்கே எழுதிக்கொடுக்கும் எனக்குப் பாக்கி நிலம். வண்டிப்பாதை இன்று தார் ரோடு, ஓடை அப்படியே இருக்கிறது, வடக்கே பெருமாள் வகையறாவின் பேரப்பிள்ளைகள் இப்போதும் உழுகிறார்கள். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் போய் நின்றேன், அந்த நாலு எல்லையும் பொருந்தியது. அதற்கப்புறம் எழுதி வாங்கியவர் எந்தச் சின்னசாமி என்ற சந்தேகம் எனக்கு வரவில்லை. ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் ஒரே நான்கு எல்லை பத்துப் பேருக்கு இருக்காது.

ஓசூர்ப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கையெழுத்து மட்டும் தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கலாம். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், தமிழில் எழுதியவர் விட்டுவிட்ட வீட்டுப் பெயர் அந்தக் கையெழுத்தில் கிடைப்பதுண்டு.

8. பெயர் பொருந்தாவிட்டால்

இரண்டு விதமான சிக்கல் வரும். ஒன்று, ஒரே ஆள், இரண்டு பெயர். இரண்டாவது, இரண்டு ஆள், ஒரே பெயர். இரண்டுக்கும் மருந்து வேறு, மாற்றிக் கொடுத்தால் வேலை கெடும்.

ஒரே ஆளுக்கு மாது என்றும் மாதையன் என்றும் இருந்தால், அவர் உயிரோடு இருந்தால் ஆதார் போன்றவற்றில் திருத்திக்கொள்ளலாம், பெயரையே மாற்ற வேண்டுமென்றால் அரசிதழில் வெளியிடலாம். இறந்தவர் என்றால் பழைய பதிவை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். வாரிசுகள் சேர்ந்து, இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் போட்டு, இரண்டு பெயரும் வரும் ஆவணங்களை இணைக்க வேண்டும். மூன்றாவது படியில் எழுதிய எல்லா எழுத்து வடிவங்களையும் ஒரே பத்திரத்தில் போட்டுவிடுங்கள். ஒன்றை விட்டுவிட்டு, பிறகு இன்னொரு பத்திரம் போடுகிறவர்களைப் பார்த்து மனம் கஷ்டப்பட்டிருக்கிறேன், செலவும் அலைச்சலும் இரட்டிப்பு.

நம் நிலத்தின் பட்டாவில் நம் ஊரின் இன்னொரு முருகனுடைய அப்பா பெயர் ஏறியிருந்தால், மனு எழுதும் முன் அந்த முருகன் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பெரும்பாலும் அவருக்கும் இது தெரியாது, தெரிந்தால் அவரும் பயப்படுவார். அவர் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் விசாரணை லேசாக முடியும். பேசாமல் மனு போட்டால் அவருக்கு நோட்டீஸ் போகும், தன் நிலத்தைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்து அவர் வக்கீலைப் பார்ப்பார். அதற்கப்புறம் தாசில்தார் அலுவலகத்தில் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வம்சாவளி என்ற வரிசையில் அடுக்கி மனு கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

9. குடும்பப் பெயர் என்ற கட்டம்

பாஸ்போர்ட், பான் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்கும்போது நம் ஆட்கள் இன்ஷியலை எழுதிவிடுகிறார்கள். பான் விண்ணப்பத்தில் இன்ஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியும், ஆனால் வளைகுடா போகிறவர்கள் விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. அப்போது எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு ஒரே பதற்றம்.

நம் வழக்கத்தில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் போகிறது. அது தவறில்லை, ஆனால் விளைவு தெரிந்திருக்க வேண்டும்: அப்பாவுக்கு ஒரு குடும்பப் பெயர், மகனுக்கு வேறு, பேரனுக்கு வேறு. சித்தப்பா மகனுக்கும் உங்களுக்கும் பொருந்தாது, யாரென்றே தெரியாத ஒருவருக்கும் உங்களுக்கும் பொருந்தும். வெளிநாட்டு விண்ணப்பத்தில் உறவை நிரூபிக்கும்போது பெயரை நம்பாமல் பிறப்புச் சான்றை முன்னால் வையுங்கள். எந்த வரிசையில் எழுதினாலும் ஆதார், பான், பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ் நான்கிலும் அதே வரிசையில், அதே எழுத்தில் எழுதுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றில் இன்ஷியலுக்குப் பதில் அப்பாவின் முழுப் பெயரையும் அம்மாவின் முழுப் பெயரையும் போடச் சொல்லுங்கள்.

10. முடித்ததும்

நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நகலெடுத்து பங்காளி வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டு கொடுங்கள், அத்தை வீடுகளுக்கும் சேர்த்து. எதை எந்தத் தேதியில் எந்தப் பதிவில் பார்த்தீர்கள் என்று ஓரத்தில் எழுதியிருக்க வேண்டும். இன்னும் தெரியாத இடங்களைக் காலியாகவே விடுங்கள், ஊகத்தை எழுதி நிரப்பாதீர்கள். எங்கள் நோட்டில் பதினான்காம் பக்கத்துச் சின்னசாமிக்கு மனைவி பெயர் மூன்று வருடம் காலியாக இருந்தது. நகல் போன பிறகு பென்னாகரத்தில் இருக்கும் ஒரு அத்தை போன் செய்து சொன்னார்.